தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் சமூக வாழ்வு

தொடக்கப் பள்ளியின் சமூக வாழ்வு என்பது, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகள், ஆசிரியர்கள், பெற்றோர், சத்துணவுப் பணியாளர்கள், ஊர்மக்கள் ஆகியோர் பாடவேளைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுகூடிச் செய்யும் செயல்களைக் குறிக்கும். காலை வணக்கக் கூட்டம், பள்ளி உணவு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், விழாக்கள், ஆண்டு விழா, கதை சொல்லல், நூலக வேளை, ஒலிப்புத்தகங்களைக் கேட்டல் முதலியன இதில் அடங்கும். தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சேரும் குழந்தைகளில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருபவர்கள் அல்லது எழுதப் படிக்கக் குறைவாகவே தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள். ஆதலால் இச்செயல்கள் அக்குழந்தைகள் பள்ளியில் நிலைத்திருப்பதையும் கற்பதையும் நேரடியாகப் பாதிக்கின்றன.

பள்ளியும் ஊரும்

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் ஆகும். நகரங்களில் மாநகராட்சி, நகராட்சித் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. இவற்றுடன் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள் ஆகியனவும் இயங்குகின்றன.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, குழந்தையின் குடியிருப்புக்கு அருகிலேயே பள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல், ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்களும் நாளிதழ்களும் கொண்ட நூலகம் என்பன அச்சட்டத்தின் அட்டவணையில் கூறப்படும் அளவுகள்.

சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளிகள் பரவலாகக் காணப்படுகின்றன. இத்தகைய பள்ளியில் ஐந்து வகுப்புக் குழந்தைகளும் இரண்டு அறைகளில் அமர்ந்து படிப்பர். அண்ணன், தங்கை, சித்தப்பா மகன் என உறவினர்கள் ஒரே அறையில் இருப்பதும் வழக்கம். இங்கே மூத்த குழந்தைகள் இளையவர்களுக்கு எழுத்துக் காட்டுவதும், சாப்பிடும்போது உதவுவதும் பள்ளி வாழ்வின் இயல்பான பகுதியாகி விடுகின்றன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையும், பல வகுப்புக் குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அவரவர் நிலைக்கேற்பக் கற்பதற்கு இடம் கொடுத்தது.

அன்றாட நிகழ்வுகள்

பள்ளி நாள் காலை வணக்கக் கூட்டத்துடன் தொடங்குகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறளும் பொருளும், நாளிதழ்ச் செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் ஆகியவை அதில் இடம்பெறும். குறளையோ செய்தியையோ வாசிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர்களுக்கு முறை வைத்து வழங்கப்படுகிறது. நாள்தோறும் ஒரு குழந்தை அனைவர் முன்னிலையிலும் நின்று உரக்கப் பேச வேண்டியிருப்பதால், கூச்சம் மிகுந்த குழந்தைக்குக் கூட்டத்தின் முன் பேசும் முதல் வாய்ப்பாக இது அமைகிறது. எப்போதும் நன்றாகப் படிக்கும் இரண்டு மூன்று பேரே மேடையேறும் பள்ளிகளில் இப்பயன் கிடைப்பதில்லை.

பள்ளி உணவு

குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது தொடக்கப் பள்ளியின் முதன்மையான சமூக நிகழ்வு எனலாம். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. அப்போது சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தார். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கப்பட்டது. 1982 ஜூலை 1 அன்று எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1989இல் முட்டை சேர்க்கப்பட்டது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளைச் சேர்ந்த 1,14,095 குழந்தைகள் பயனடைந்தனர். 2023 ஆகஸ்டு 25 அன்று திருக்குவளையில் நடந்த விழாவில், ஏறத்தாழ 31,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாருடன் வழங்கப்படுகின்றன. பல இடங்களில் இவற்றை மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கின்றனர். சமைப்பவர்களின் பிள்ளைகளே அப்பள்ளியில் படிப்பதும் உண்டு. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகள் பசியுடன் வகுப்பில் அமர்வதைத் தவிர்ப்பது இத்திட்டத்தின் நோக்கம். குழந்தைகள் வகுப்பு தொடங்கும் முன்னரே பள்ளிக்கு வந்துவிடுவது இதன் கூடுதல் பயன்.

உணவு வரிசை சமத்துவத்தின் சோதனைக் களமாகவும் இருந்து வருகிறது. சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிச் சில ஊர்களில் பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வெளிவந்தன. அத்தகைய சூழலில் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிக்குச் சென்று குழந்தைகளுடன் அமர்ந்து உண்டது உண்டு. ஒரு நாள் வருகையால் மட்டும் இது தீர்வதில்லை. தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் அதே உணவை அன்றாடம் குழந்தைகளுடன் உண்பதும், பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும் நீடித்த பயன் தருகின்றன.

பள்ளி மேலாண்மைக் குழு

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். உள்ளாட்சி உறுப்பினரும் ஆசிரியரும் இதில் இடம்பெறுவர். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்தல், அரசு வழங்கும் நிதி செலவாகும் முறையைப் பார்த்தல் ஆகியன குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன.

கழிப்பறைக்குத் தண்ணீர் வராதது, சுற்றுச்சுவர் இடிந்திருப்பது, மழைக்காலத்தில் வகுப்பறை ஒழுகுவது, இடைநின்ற குழந்தையை மீண்டும் சேர்ப்பது போன்றவை கூட்டங்களில் அடிக்கடி எழும் பேச்சுகள். ஊராட்சியின் உதவி தேவைப்படும் கோரிக்கைகள் கிராம சபைக்கும் கொண்டு செல்லப்படுகின்றன. கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் வேலை நாளில் பகல் வேளைக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலியை இழப்பர். எனவே கூட்டத்தின் நேரமே யார் பேசுவார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்து விடுகிறது.

கல்விச் சீர்

திருமணம், காதணி விழா முதலியவற்றில் தாய்மாமன் வீட்டார் தட்டுகளில் சீர்வரிசை கொண்டு வருவது தமிழர் வழக்கம். இதையொட்டி, ஊர்மக்கள் பள்ளிக்குத் தேவையான பொருட்களை மேளதாளத்துடன் ஊர்வலமாகக் கொண்டு வந்து ஒப்படைக்கும் நிகழ்வு ‘கல்விச் சீர்’ எனப்படுகிறது. கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இது நடந்து வருகிறது. நாற்காலி, மின்விசிறி, பீரோ, குடிநீர்க் கலன், தட்டு, குவளை, குறிப்பேடு, விளையாட்டுப் பொருட்கள், புத்தகங்கள் ஆகியவை தாம்பாளங்களில் பழம், பூவுடன் எடுத்து வரப்படும்.

பொருளின் மதிப்பைக் காட்டிலும், பள்ளி நம்முடையது என்ற எண்ணத்தை ஊரில் உண்டாக்குவதே கல்விச் சீரின் சிறப்பாகக் கருதப்படுகிறது. தனியார் பள்ளி வாகனங்கள் ஊருக்குள் வந்து குழந்தைகளை அழைத்துச் செல்லும் காலத்தில், சேர்க்கை குறைந்த பள்ளியை மூடாமல் காப்பதற்கான முயற்சியாகவும் ஆசிரியர்கள் இதை முன்னெடுக்கின்றனர். அரசு செய்ய வேண்டியதை ஊரார் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்தே எழுகிறது. வசதி படைத்தோர் இல்லாத ஊரின் பள்ளிக்கு இவ்வழியில் உதவி கிடைப்பது அரிது என்பதால், கல்விச் சீர் அரசு நிதிக்கு மாற்றாக அமைய இயலாது.

பள்ளி விழாக்கள்

தமிழ்நாட்டில் கல்வியாண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை நடைபெறுகிறது. பெரும்பாலான சமயத் திருநாட்கள் அரசு விடுமுறை என்பதால், பள்ளியில் அவற்றைக் கொண்டாடும்போது விடுமுறைக்கு முந்தைய வேலை நாளே கொண்டாட்ட நாளாகிறது. ஆண்டு முழுவதும் இடம்பெறும் முதன்மையான நாட்கள் வருமாறு:

ஜூலை 15: காமராசர் பிறந்த நாள். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராசரின் நினைவாக, 2006ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி இந்நாள் கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்படுகிறது. பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் நடத்தப்படும்.

ஆகஸ்டு 15, ஜனவரி 26: விடுதலை நாள், குடியரசு நாள். கொடியேற்றம், மாணவர் நிகழ்ச்சி, இனிப்பு வழங்கல் ஆகியன இடம்பெறும். ஊராட்சித் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் பள்ளிக்கு வரும் நாட்கள் இவை.

செப்டம்பர் 5: ஆசிரியர் நாள். திருத்தணியில் பிறந்த சர்வப்பள்ளி இராதாகிருட்டிணனின் பிறந்த நாள் 1962 முதல் இவ்வாறு கொண்டாடப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அன்று கீழ் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவது சில பள்ளிகளில் வழக்கம்.

விசயதசமி: புதிய குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் நாளாக மக்கள் கருதுகின்றனர். விடுமுறை நாளாயினும் சேர்க்கைக்காகப் பள்ளிகள் திறக்கப்படுவதுண்டு. நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதச் செய்வர்.

நவம்பர் 14: குழந்தைகள் நாள். நேருவின் மறைவுக்குப் பின்னர் அவர் பிறந்த நாளே இந்தியாவில் குழந்தைகள் நாளானது. தேசிய நூலக வார விழாவும் இதே நாளில் தொடங்கி நவம்பர் 20 வரை நடைபெறுவதால், கதை நேரம், புத்தகக் காட்சி ஆகியவற்றுக்கு இது ஏற்ற காலம்.

திசம்பர்: அரையாண்டுத் தேர்வு முடியும் வேளையில், சில பள்ளிகளில் குடில் அமைத்தும் பாடல் பாடியும் கிறித்துமசு கொண்டாடப்படுகிறது.

சனவரி: பொங்கல். மூன்று கல் கூட்டி மண்பானையில் பொங்கலிட்டு, கரும்பும் மஞ்சள் கொத்தும் வைத்து, சாதி சமய வேறுபாடின்றி அனைவரும் உண்பது ‘சமத்துவப் பொங்கல்’ எனப்படுகிறது. கோலப் போட்டி, உறியடி, கயிறு இழுத்தல் முதலியன நடைபெறும்.

ஆண்டு விழா: கல்வியாண்டின் பிற்பகுதியில், பெரும்பாலும் மாலை வேளையில் நடைபெறும். ஊர் முழுவதும் கூடும் நிகழ்வு இது. நடனம், நாடகம், பரிசளிப்பு ஆகியன இடம்பெறும்.

விழாக்களில் சமத்துவம்

விழா ஒரு குழந்தையைப் பள்ளியுடன் நெருக்கமாக்கவும் செய்யும். விலக்கி வைக்கவும் செய்யும். இந்திய அரசியலமைப்பின் 28ஆம் கூறு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. ஒரு விழாவின் வரலாறு, உணவு, கலை ஆகியவற்றை அறிமுகம் செய்வது வேறு, வழிபாட்டில் பங்கேற்கச் செய்வது வேறு என்ற எல்லையை ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே வகுப்பில் இந்து, இசுலாமிய, கிறித்தவக் குழந்தைகள் இருக்கும்போது, ஒரு சமயத்தின் திருநாளை மட்டும் கொண்டாடிவிட்டு மற்றவற்றைப் பற்றிப் பேசாமல் விடுவதைக் குழந்தைகள் கவனிக்கின்றனர்.

செலவும் ஒரு தடையாகும். மாறுவேடப் போட்டிக்கு வாடகை உடை, நடனத்துக்கு ஒரே வண்ணப் புத்தாடை, பிறந்த நாளுக்கு வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் ஆகியவை தினக்கூலிக் குடும்பத்துக்குச் சுமை. வாங்க இயலாத குழந்தை விழா நாளில் பள்ளிக்கு வராமல் இருந்து விடுவதுண்டு. இதைத் தவிர்க்கப் பள்ளிகள் பின்பற்றும் எளிய வழிகள் உள்ளன: செய்தித்தாள், இலை, பழைய துணி ஆகியவற்றால் வகுப்பிலேயே வேடம் செய்தல், ஒரு மாதத்தில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் வாழ்த்துக் கூறுதல், சீருடையிலேயே நடனம் அமைத்தல், நடக்க இயலாத, பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைக்கும் நாடகத்தில் உண்மையான பங்கு கொடுத்தல்.

சாதிப் பாகுபாடு பள்ளிக்குள் நுழையும் வழிகளை ஆராய, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியக் கூடாது என்பது உள்ளிட்ட பரிந்துரைகளைக் கொண்டிருந்தது.

ஒலிப்புத்தகங்கள்

ஒலிப்புத்தகம் என்பது நூலின் உரையை ஒருவரோ பலரோ வாசிக்கப் பதிவு செய்த ஒலிப்பதிவு. 1877இல் ஒலிவரைவியைக் கண்டுபிடித்த தாமசு ஆல்வா எடிசன், பார்வையற்றோருக்கான பேசும் நூல்களை அக்கருவியின் பயன்களுள் ஒன்றாக 1878இலேயே குறிப்பிட்டார். 1930களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் பேசும் நூல்கள் வெளிவந்தன. பின்னர் ஒலிநாடா, குறுவட்டு, இணையம், கைப்பேசி என ஊடகம் மாறியது. தமிழ்நாட்டில் அகில இந்திய வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிகள், பல தலைமுறைக் குழந்தைகளுக்குக் கதையையும் பாட்டையும் ஒலிவழியே கொண்டு சேர்த்தன.

தமிழ்க் குழந்தைகளுக்கு ஏன் தேவை

தமிழ் இரட்டை வழக்குள்ள மொழி. வீட்டில் ‘அவங்க வந்துட்டாங்க’ என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்பதைப் பார்க்கிறது. எழுத்தைக் கூட்டி ஒலித்த பின்னும், அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று அக்குழந்தைக்கு உடனே புலப்படுவதில்லை. கதைப் புத்தகங்கள் நிறைந்த வீட்டில், பெரியவர்கள் வாசித்துக் காட்டுவதால் குழந்தை எழுத்துத் தமிழைப் பள்ளிக்கு வருமுன்னரே காதால் கேட்டிருக்கும். அவ்வாய்ப்பு இல்லாத குழந்தைக்கு அதைத் தரும் எளிய வழிகளில் ஒன்று ஒலிப்புத்தகம்.

தமிழ் எழுத்து முறையின் இயல்பும் இதற்கு மற்றொரு காரணம். ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘பம்பரம்’ என்ற ஒரே சொல்லில் பகரம் இரு விதமாக ஒலிக்கிறது. சொல்லைக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு இதில் சிக்கல் இல்லை. கேட்டறியாத சொல்லை முதன்முறை படிக்கும் குழந்தை தடுமாறும். கிருட்டிணகிரி போன்ற எல்லை மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடம் பேசும் குழந்தைகளுக்கும், நீலகிரியின் பழங்குடிக் குழந்தைகளுக்கும், வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இத்தேவை இன்னும் மிகுதி.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விளைவு என்று விளக்கினர். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. ஒலிப்புத்தகம் இரண்டாவது திறனை வளர்க்கிறது. முதல் திறனை அது தானாகத் தருவதில்லை. எனவே எழுத்துக் கற்பித்தலுக்கு ஒலிப்புத்தகம் மாற்றாகாது. கேட்கும்போது கையில் அதே புத்தகம் இருந்து, குழந்தை விரலால் வரியைத் தொடர்ந்து வருமானால் இரண்டு திறன்களும் சேர்ந்து பயிற்சி பெறும்.

பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள்

பார்வையற்ற குழந்தைக்கும், எழுத்தறிதலில் கடும் இடர்ப்பாடு உள்ள குழந்தைக்கும், ஒலிப்புத்தகம் பாடநூலைப் போலவே அடிப்படைத் தேவையாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களை உரிமையாளரின் அனுமதியின்றி மாற்றி இலாப நோக்கின்றி வழங்க வழி செய்தது. இதே நோக்கில் 2013இல் உருவான மராக்கேசு உடன்படிக்கையை, 2014 ஜூனில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புத்தகாலயா’ என்னும் இணைய நூலகம் இத்தகைய வடிவிலான நூல்களை இந்திய மொழிகளில் வழங்குகிறது.

கிடைக்கும் வழிகள்

தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீடுகள் ஆகியவற்றின் வழியாகப் பாடல்களையும் கதைகளையும் ஒலி, ஒளி வடிவில் பெறலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகள் திறந்த உரிமத்தில் உள்ளன. உரிமத்தின்படி ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டு அவற்றை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வாசித்துப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசு 2022 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்காக வெளியிடும் ‘ஊஞ்சல்’ இதழும், வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ என்னும் நான்கு நிலைச் சிறு புத்தகங்களும் உரக்க வாசிப்பதற்கு ஏற்றவை.

பள்ளியிலேயே பதிவு செய்தல்

சாதாரணக் கைப்பேசியைக் கொண்டு பள்ளியிலேயே ஒலிப்புத்தகம் உருவாக்கலாம். இதில் கவனிக்க வேண்டியவை:

உரிமை: இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்த 60 ஆண்டுகள் வரை அவருடைய நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. 1954இல் மறைந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்கள் இக்கால எல்லையைக் கடந்துவிட்டன. தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், திறந்த உரிமக் கதைகளையும் பதிவு செய்யத் தடையில்லை. பிற நூல்களைப் பொதுவெளியில் பகிர அனுமதி பெற வேண்டும்.

ஒலிப்பு: ல, ள, ழ, ந, ன, ண, ர, ற ஆகியவற்றின் வேறுபாடு கேட்பவருக்குத் தெளிவாக விளங்க வேண்டும். நிறுத்தக் குறிகளில் நிறுத்தி, குழந்தையின் விரல் வரியைத் தொடரும் வேகத்தில் வாசிக்க வேண்டும்.

அளவு: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஐந்து நிமிடங்களுக்குள் முடியும் கதை போதும். பக்கம் திருப்பும் இடத்தில் கைத்தட்டலோ மணியோசையோ சேர்த்தால் குழந்தை தானே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இடம்: மின்விசிறியை நிறுத்தி, சன்னலை மூடி, புத்தக அலமாரி அல்லது துணித் திரை உள்ள அறையில் பதிவு செய்தால் எதிரொலி குறையும்.

குரல்: ஆசிரியர் மட்டுமின்றி, ஐந்தாம் வகுப்பு மாணவர், சத்துணவுச் சமையலர், பாட்டி, தாத்தா ஆகியோரும் வாசிக்கலாம் அல்லது கதை சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் கதையைப் பதிவு செய்து, பின்னர் மாணவர்கள் அதை எழுதிப் படம் வரைந்து புத்தகமாக்கலாம். இதனால் எழுத்தறியாத பெரியவருக்கும் பள்ளியில் ஓர் இடம் உண்டாகிறது. வட்டாரக் கதைகளும் விடுகதைகளும் அழியாமல் தங்குகின்றன.

ஒப்புதல்: குழந்தையின் குரலை இணையத்தில் வெளியிடுமுன் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். முழுப்பெயர், முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றைச் சேர்க்காமல் விடுவது பாதுகாப்பானது.

விழாவும் ஒலிப்புத்தகமும்

விழாவுக்கு முந்தைய வாரத்தில் அவ்விழா தொடர்பான கதையைக் கேட்டுப் பேசுவது, கொண்டாட்டத்தின் பொருளைக் குழந்தைகளுக்கு உணர்த்தும். உழவரின் வேலை பற்றிய கதையைக் கேட்டபின் பொங்கலிடும்போது, ஒரு பிடி அரிசியின் பின்னுள்ள உழைப்பைப் பற்றிக் கேள்விகள் எழுகின்றன. நோன்பு, குடில், முளைப்பாரி என வீட்டுக்கு வீடு வேறுபடும் வழக்கங்களை அந்தந்த வீட்டுப் பெரியவரின் குரலிலேயே கேட்கும்போது, பிறர் வழக்கத்தைப் பற்றிய கேலி குறைய வாய்ப்புண்டு. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் வாரம் ஒரு கதையை வகுப்பின் வாட்சப் குழுவில் அனுப்பும் ஆசிரியர்களும் உள்ளனர்.

பெருந்தொற்றுக் காலமும் அதன் பின்னரும்

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறை இல்லை. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முதன்முறையாக வகுப்பில் அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. எழுத்தறிவு மட்டுமின்றி, வரிசையில் நிற்றல், பகிர்ந்து உண்ணுதல், பிறர் பேசக் கேட்டல் போன்ற பழக்கங்களும் அக்குழந்தைகளுக்குப் புதியனவாக இருந்தன.

இவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புப் பகுதியிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி ஆகியன வகுப்பறைகளாயின. 2022 ஜூனில், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற நோக்குடன் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றுடன் கற்கின்றனர்.

சிக்கல்கள்

ஆசிரியரின் நேரம் முதன்மையான சிக்கல். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகப் பணிக்கோ சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். இணையப் பதிவேடுகளை நிரப்பும் பணியும் உண்டு. அந்நிலையில் நூலக வேளையும் கதை நேரமுமே முதலில் கைவிடப்படுகின்றன.

கருவி இரண்டாவது சிக்கல். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அது தந்தையுடன் வேலைக்குச் செல்லுமானால், வாட்சப்பில் அனுப்பிய கதை இரவில்தான் குழந்தைக்குக் கிடைக்கும். சில வீடுகளில் கிடைக்காமலும் போகும். இதற்கு மாற்றாகப் பள்ளியில் ஒரு சிறு ஒலிபெருக்கியை வைத்து, காலை உணவு முடிந்து வகுப்பு தொடங்கும் வரையுள்ள நேரத்தில் கதையை ஒலிபரப்பலாம். இதற்கு இணையமோ வீட்டுக் கைப்பேசியோ தேவையில்லை. அனைத்துக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் கேட்பர்.

சேர்க்கைக் குறைவு மூன்றாவது சிக்கல். பிறப்பு விகிதம் குறைந்ததும், ஆங்கில வழித் தனியார் பள்ளிகள் மீதான விருப்பமும் இதற்குக் காரணங்கள். பத்துக் குழந்தைகள் மட்டுமே உள்ள பள்ளியில் குழு விளையாட்டும் நாடகமும் நடத்துவது கடினம். அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஆண்டு விழாவையும் விளையாட்டு விழாவையும் நடத்துவது இதற்கு ஒரு வழி. ஊரில் பள்ளி மூடப்பட்டால், அக்குழந்தைகள் தொலைவில் உள்ள பள்ளிக்கு நடந்தோ வாகனத்திலோ செல்ல வேண்டும். பாதை பாதுகாப்பற்ற இடங்களில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பெண் குழந்தைகளும் இடைநிற்கும் நிலை உருவாகலாம். ஊர்மக்கள் கூடிக் கொடியேற்றவும், கூட்டம் நடத்தவும், தேர்தலில் வாக்களிக்கவும் பயன்படும் பொது இடமும் அத்துடன் இல்லாமற் போகும்.